ஏபிஎஸ் இருக்கற பழைய கார்ல பிரேக் பேட் மாத்தி ஏர் எடுக்கறது: வரிசை தப்பாம முழு வழிகாட்டி

காட்பாடில எங்க வீட்டு வாசல்ல வச்சே இந்த வேலைய இதுவரைக்கும் ஏழெட்டு கார்ல பண்ணியாச்சு, என்னோட 2011 ஸ்விஃப்ட் டீசல்ல மட்டும் மூணு தடவ. பக்கத்துல நின்னு பாத்துட்டு போய் தானே செஞ்ச பசங்க எங்க தடுமாறுறாங்கன்னும் கவனிச்சிருக்கேன். ஸ்பானர் புடிக்க தெரியாம யாரும் தடுமாறல, எல்லாரும் வரிசைலதான் கோட்ட உட்டாங்க. அதனால ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்துல வருதுன்னு சேத்தே சொல்றேன்.

ஏர் எடுக்கறதுன்னா பிரேக் பைப்புல மாட்டின காத்த ஆயிலோட சேத்து வெளிய தள்றது. ஏபிஎஸ்ங்கறது பிரேக் அடிக்கறப்ப சக்கரம் லாக் ஆகாம காப்பாத்தற வசதி. ஒரு விஷயத்த மட்டும் மனசுல வச்சிக்கினு படிங்க. பானட்டுக்குள்ள, பெடல அமுத்தினா ஆயில பைப்புக்கு தள்ளற மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து வர்ற பைப்புங்க எல்லாம் போய் சேர்ற அலுமினிய கட்டிதான் ஏபிஎஸ் பெட்டி. அதுக்குள்ள ஒரு சக்கரத்துக்கு ரெண்டு வால்வுன்னு மொத்தம் எட்டு குட்டி வால்வு, ஒரு பம்ப்பு, ஒரு மோட்டார் இருக்குது. அந்த பெட்டிக்குள்ள காத்தும் போகக்கூடாது, கழிசலும் போகக்கூடாது. கீழ சொல்ற பாதி வேலை அதுக்கோசரம்தான்.

1. உங்க வேலை எந்த வகைன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க

பேட் மட்டும் மாத்தறீங்க, பழைய பிரேக் ஆயில எடுத்துட்டு புதுசு ஊத்தறீங்கன்னா வீட்லயே முடிஞ்சிரும், காரோட கம்ப்யூட்டர்ல மாட்டற ஸ்கேனர் தேவப்படாது.

காலிப்பர் (பேட்ட டிஸ்க் மேல அமுக்கற கவ்வி), வீல் சிலிண்டர் (டிரம் பிரேக்ல அதே வேலைய செய்யறது), ரப்பர் ஹோஸ், இதுல ஏதாவது ஒண்ண கழட்டறீங்கன்னா காத்து உள்ள வரும், ஆனா அது சக்கரத்து பக்கம் மட்டும்தான் இருக்கும். சாதாரணமா ஏர் எடுத்தாலே வந்துரும், பானட்டுக்குள்ள இருக்கற பிரேக் ஆயில் டப்பா காயாம பாத்துக்கணும் அவ்ளோதான்.

மாஸ்டர் சிலிண்டர் மாத்தறீங்க, ஏபிஎஸ் பெட்டியவே மாத்தறீங்க, இல்ல வேலை நடுவுல டப்பா காலி ஆயிடுச்சுன்னா அது வேற கணக்கு. காத்து பெட்டிக்குள்ள பூந்துரும். அதுக்கு ஏபிஎஸ் பம்ப்ப ஓட வைக்கற ஸ்கேனர் வேணும். அது கைல இல்லாம மூணாவது வகை வேலைய ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க, கார் ஜாக்கி மேல நின்னுக்கினு இருக்கறப்ப ஊர் பூரா ஸ்கேனர் தேடி அலையறத நான் பாத்திருக்கேன்.

ரொம்ப பழைய வெளிநாட்டு கார் வச்சிருக்கறவங்களுக்கு தனியா ஒண்ணு. சிலதுல பெடலுக்கு பலம் சேக்கற பூஸ்டரும் ஏபிஎஸ்ஸும் ஒரே செட்டா, பிரஷர சேத்து வைக்கற உருண்டையான ஒரு அக்யூமுலேட்டரோட இருக்கும். அதுல இன்ஜின் ஆஃப்ல இருந்தாலும் பயங்கர பிரஷர் நிக்கும். சாவிய எடுத்துட்டு பெடல 25 தடவைக்கு மேல அமுத்தி, பெடல் கல்லு மாதிரி ஆனப்பறம்தான் எந்த பைப்பையும் தொடணும்.

2. ஸ்பானர எடுக்கறதுக்கு முன்னாடி டேஷ்போர்டு லைட்ட பாருங்க

சாவிய ஆன் பண்ணதும் மஞ்சள் ஏபிஎஸ் லைட் எரிஞ்சு ரெண்டு மூணு செகண்ட்ல அணையணும். அணையலன்னா உள்ள ஏதோ ஃபால்ட் ஏற்கெனவே இருக்குது. வேலைக்கு முன்னாடியே இத பாத்து எழுதி வச்சிக்கிட்டாதான், முடிச்சப்பறம் லைட் எரிஞ்சா அது நீங்க பண்ணதா, முன்னாடியே இருந்ததான்னு தெரியும். இத பாக்காம ஆரம்பிச்சு, கடைசில புது பேட்ட குத்தம் சொல்லிக்கினு ரெண்டாவது தடவ கழட்டினவங்க இருக்காங்க.

மஞ்சள் மட்டும் எரிஞ்சா சாதாரண பிரேக் வேல செய்யும், லாக் ஆகாம காப்பாத்தற வசதி மட்டும் இல்ல. செவப்பு லைட் தனியா எரிஞ்சா ஹேண்ட்பிரேக் போட்டிருக்கா, டப்பால ஆயில் கம்மியான்னு பாருங்க. ரெண்டும் சேந்து எரிஞ்சா கார எடுக்காதீங்க, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக்க பங்கு போட்டு கொடுக்கற இபிடியும் சேந்து போயிருக்கலாம், அவசரத்துல அமுத்தினா பின்சக்கரம் மொதல்ல லாக் ஆயி வண்டி சுத்திரும்.

ஃபால்ட் கோடு படிக்க ஸ்கேனர் வாங்கறவங்க கவனிங்க. போன்ல சேர்ற குட்டி ப்ளூடூத் அடாப்டர்ல பல ஆப்பு இன்ஜின் கோட மட்டும்தான் காட்டும். ஏபிஎஸ் கோடு படிக்குமா, அதுக்கும் மேல ஏபிஎஸ் ப்ளீடிங்னு (பெட்டிக்குள்ள இருந்து ஏர் எடுக்கறது) ஒரு மெனு உங்க கார் மாடலுக்கு இருக்கான்னு கேட்டுட்டு காசு கொடுங்க.

3. முந்தின நாளே வாங்கி வைக்க வேண்டியது

பிரேக் ஆயில்: டப்பா மூடில என்ன எழுதிருக்கோ அதுதான். பெரும்பாலும் டாட் 3 இல்லன்னா டாட் 4. புது டாட் 3 கொதிக்கறது குறைஞ்சது 205 டிகிரில, டாட் 4 230 டிகிரில. தண்ணி இழுத்து பழசானப்பறம் அதே டாட் 3 140 டிகிரிக்கும், டாட் 4 155 டிகிரிக்கும் இறங்கிரும். டாட் 3 கேக்கற கார்ல டாட் 4 ஊத்தலாம், டாட் 4 கேக்கற கார்ல டாட் 3 ஊத்தக்கூடாது. டாட் 5-ன்னு இருக்கறது சிலிக்கான் ஆயில், பேர பாத்து ஒசத்தின்னு நெனச்சு ஏபிஎஸ் கார்ல ஊத்திராதீங்க. டாட் 5.1 அது இல்ல, அது வேற.

அரை லிட்டர் பாட்டில் ரெண்டா வாங்குங்க, ஒரு லிட்டர் பாட்டிலா வேணாம். இந்த ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், தெறந்த பாட்டில் மீந்து போச்சுன்னா அடுத்த வருஷத்துக்கு ஆகாது. சீல் உடைக்காத பாட்டில் அப்படியே இருக்கும்.

இந்த கொதிக்கற கணக்கு புத்தகத்துல இருக்கற கணக்குன்னு நெனைக்காதீங்க. ஏலகிரி மலைல 14 கொண்டை ஊசி வளைவு. ஒரு மே மாசம், கத்திரி வெயில் நேரம், தெரிஞ்ச பையன் ஒருத்தன் கார்ல கியர்ல புடிக்காம பிரேக்லயே கீழ எறங்கினோம். பாதி வளைவு தாண்டறதுக்குள்ள பெடல் பஞ்சு மாதிரி ஆயி, அமுத்தினா உள்ள போய்க்கினே இருந்துச்சு. செகண்ட் கியர்ல போட்டு, ஓரமா மண்மேட்ட ஒட்டி நிறுத்தி, அரை மணி நேரம் ஆற வச்சோம், அப்பறம் பெடல் தானா திரும்பி வந்துச்சு. வீட்டுக்கு வந்து டப்பாவ தெறந்தா ஆயில் காப்பி டிக்காஷன் கலர்ல இருந்துச்சு. அஞ்சு வருஷமா மாத்தவே இல்லையாம். பல கம்பெனிங்க ரெண்டு வருஷம் இல்லன்னா 40,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ மாத்த சொல்றது சும்மா இல்ல.

மத்த சாமான்: ஜாக்கி, கூடவே ரெண்டு ஜாக்கி ஸ்டாண்ட், கண்டிப்பா. நிப்பிளுக்கு (காலிப்பர்லயும் வீல் சிலிண்டர்லயும் ஏர் எடுக்க தெறக்கற சின்ன திருகு) பொருந்தற ஆறு மூல ரிங் ஸ்பானர் இல்லன்னா பாக்ஸ் ஸ்பானர், அனேகமா 8 இல்ல 10 நம்பர். மீன் தொட்டிக்கு போடற கண்ணாடி மாதிரி ட்யூப்பு ஒரு மீட்டர். பழைய ஆயில் புடிக்க ஒரு பாட்டில். பெரிய சிரிஞ்ச். பிரேக் கிளீனர். பிரேக்குக்குன்னே வர்ற சிலிக்கான் கிரீஸ். சி கிளாம்ப். கட்டுகம்பி. டார்க் ரெஞ்ச். ஒரு பக்கெட் தண்ணி. அப்பறம் பெடல் அமுத்த ஒரு ஆள், சொன்னத மட்டும் செய்யற ஆளா பாத்து கூப்பிடுங்க.

பேட்ட எப்பவும் ஒரு ஆக்சிலுக்கு சேத்து மாத்தணும், ஒரு பக்கம் மட்டும் மாத்தினா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். டிஸ்க்கும் அப்படித்தான்.

நிப்பிள் நாலுக்கும் முந்தின ராத்திரியே துரு எளக்கற ஸ்ப்ரே அடிச்சு வைங்க. பத்து வருஷம் தொடாத நிப்பிள் கைல ஒடஞ்சு வந்துச்சுன்னா அந்த காலிப்பரே வேலையாயிரும்.

4. கார தூக்கறது

சமமான சிமெண்ட் தரைல நிறுத்துங்க, மண்ணுல வேணாம், ஸ்டாண்ட் பொதையும். முன்பக்கம் தூக்கறப்ப ஹேண்ட்பிரேக் போட்டு, ஃபர்ஸ்ட் கியர்ல வச்சு, பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு வைங்க. வீல் நட்ட கார் தரைல இருக்கறப்பவே அரை சுத்து லூஸ் பண்ணிருங்க, தூக்கினப்பறம் நட்டோட போராடினா கார் ஆடும்.

ஜாக்கி தூக்கறதுக்கு மட்டும்தான், நிக்கறது ஸ்டாண்ட்ல. கழட்டின சக்கரத்த காருக்கு அடில படுக்க வைங்க. ஸ்டாண்ட் நழுவினாலும் கார் அந்த சக்கரத்து மேலதான் உக்காரும்.

5. டப்பால இருக்கற அழுக்கு ஆயில மொதல்ல எடுங்க

நெறைய பேர் தாண்டி போற படி இது. டப்பால அழுக்க வச்சிக்கினே ஏர் எடுக்க ஆரம்பிச்சா, அந்த அழுக்கு முழுக்க ஏபிஎஸ் பெட்டி வழியாத்தான் சக்கரத்துக்கு போகும். குட்டி வால்வுல ஒரு துணுக்கு மாட்டினா போதும், அந்த பெட்டி வில என்னன்னு ஸ்பேர் பார்ட்ஸ் கடைல ஒரு தடவ கேட்டு பாருங்க.

மூடிய சுத்தி மொதல்ல தொடைங்க, மேல இருக்கற மண்ணு உள்ள விழக்கூடாது. சிரிஞ்ச்ல உறிஞ்சி எடுங்க, ஆனா முழுசா வறள விடாதீங்க, அடில ஓட்ட தெரியற அளவுக்கு போகாம ஒரு விரல் கனம் விட்டு வைங்க. ஒடனே புது ஆயில் ஊத்தி மூடுங்க. பெயிண்ட் மேல ஒரு சொட்டு விழுந்தாலும் தொடைக்காதீங்க, தண்ணி ஊத்தி கழுவுங்க, தொடைச்சா பெயிண்டோட வரும்.

6. பேட்டும் டிஸ்க்கும்

காலிப்பர் போல்ட் கழட்டினதும் அத ஹோஸ்ல தொங்க விடாதீங்க, கட்டுகம்பியால சஸ்பென்ஷன் ஸ்ப்ரிங்ல கட்டி விடுங்க. ஹோஸ் வெளிய நல்லா தெரிஞ்சாலும் உள்ள கிழிஞ்சிரும், அப்பறம் பிரேக் புடிச்சது விடாம நிக்கும்.

இப்பதான் முக்கியமான எடம். புது பேட் கனமா இருக்கறதால, காலிப்பர்ல பேட்ட அமுக்கற பிஸ்டன உள்ள தள்ளணும். சும்மா கிளாம்ப் போட்டு தள்ளினா காலிப்பருக்குள்ள வருஷக்கணக்கா உக்காந்திருக்கற கருப்பு ஆயில் அப்படியே பின்னோக்கி ஏபிஎஸ் பெட்டிக்குள்ள ஏறும். ஏபிஎஸ் இல்லாத கார்ல பழகின பழக்கம் இது, இங்க ஆகாது. நிப்பிள்ல ட்யூப்ப மாட்டி, இன்னொரு முனைய கொஞ்சம் புது ஆயில் இருக்கற பாட்டில்ல முக்கி, நிப்பிள அரை சுத்து தெறந்து, பழைய பேட்ட பிஸ்டன் மேல வச்சு கிளாம்ப்ப மெதுவா இறுக்குங்க. கழிசல் ட்யூப் வழியா வெளிய வரும், கண்ணாலயே பாக்கலாம். பிஸ்டன் முழுசா உள்ள போனதும் மொதல்ல நிப்பிள மூடுங்க, அப்பறம்தான் கிளாம்ப எடுக்கணும். மாத்தி செஞ்சா காத்த உள்ள இழுக்கும்.

பின்னாடியும் டிஸ்க் இருந்து, ஹேண்ட்பிரேக் அதே காலிப்பர்ல இருந்தா, பிஸ்டன சுத்திக்கினே உள்ள தள்ளணும். கிளாம்ப் போட்டு நேரா தள்ளினா உள்ள இருக்கற மெக்கானிசம் போயிரும்.

டிஸ்க்கோட ஓரத்துலயோ நடு தொப்பி பக்கமோ குறைஞ்சபட்ச கனம் பொறிச்சிருக்கும், அதுக்கு கீழ போயிருந்தா மாத்துங்க. புது டிஸ்க்ல துரு புடிக்காம எண்ண தடவி வரும், பிரேக் கிளீனர் போட்டு ரெண்டு பக்கமும் கழுவிட்டுத்தான் மாட்டணும். டிஸ்க் உக்கார்ற ஹப் மேல இருக்கற துருவ கம்பி பிரஷ் போட்டு சுத்தமா தேய்ங்க. அங்க ஒரு துரு மேடு இருந்தாலும் டிஸ்க் கோணலா உக்காந்து, பிரேக் அடிக்கறப்ப ஸ்டீயரிங் ஆடும்.

காலிப்பர் நகர்றதுக்கு இருக்கற ஸ்லைட் பின் ரெண்டையும் வெளிய எடுத்து தொடச்சு சிலிக்கான் கிரீஸ் தடவுங்க. பேரிங்குக்கு போடற சாதாரண கிரீஸ் வேணாம், ரப்பர் ஊதி பின் உள்ளயே இறுகிக்கும், அப்பறம் ஒரு பேட் மட்டும் தேயும். ரெண்டு பின்னும் ஒண்ணு போல இருக்காது சில கார்ல, எது மேல எது கீழன்னு போட்டோ எடுத்து வச்சிக்கோங்க.

ரெண்டு பக்கமும் பேட் போட்டு காலிப்பர மாட்டி முடிக்கற வரைக்கும் கார்ல யாரும் பெடல தொடக்கூடாது. எதிர்பக்கம் காலிப்பர் வெளிய தொங்கறப்ப ஒரு பையன் பெடல மிதிச்சு பிஸ்டன் மொத்தமா வெளிய குதிச்சத பாத்திருக்கேன். அப்பறம் ஒரு நாள் வேல.

7. சென்சார தொடற நேரம்

சக்கரத்த தாங்கற நக்கிள்ல ஒரு சின்ன போல்ட்ல, சக்கரம் சுத்தற வேகத்த ஏபிஎஸ்ஸுக்கு சொல்ற சென்சார் இருக்கும், அதோட வயர் ஹோஸ் கூடவே போகும். காலிப்பர கட்டி தொங்க விடறப்ப இந்த வயர் இழுபடுதான்னு பாருங்க. ஸ்டீயரிங்க ரெண்டு பக்கமும் முழுசா திருப்பியும் பாருங்க. வயர கிளிப்ல திரும்ப மாட்டலன்னா டயர்ல உரசி மூணு மாசத்துல அறுந்துரும்.

துருவ தேய்க்கறப்ப பறக்கற இரும்புத்தூள் சென்சார் முனைல ஒட்டிக்கும், துணில தொடச்சு விடுங்க. சில கார்ல பல்லு பல்லா வளையம் இருக்கும். சிலதுல பேரிங் சீல்லயே காந்த வளையம் இருக்கும், அது பக்கத்துல காந்தம் வச்ச ட்ரேயோ டார்ச்சோ கொண்டு போகாதீங்க.

வண்டி நிக்க போற நேரம், ஒரு பத்து கிலோமீட்டர் வேகத்துல, காஞ்ச ரோட்லயே பெடல் கடகடன்னு துடிக்குதுன்னா அது பெட்டியோட தப்பு இல்ல. சென்சார் உக்கார்ற எடத்துல துரு ஊதி சென்சார மேல தூக்கியிருக்கும், இல்லன்னா பல் வளையம் விரிசல் விட்டிருக்கும். சென்சார கழட்டி அந்த எடத்த சுத்தம் பண்ணா பாதி கேஸ் சரியாயிரும். கழட்டறப்ப பிளேயர் போட்டு தலைய புடிச்சு இழுக்காதீங்க, ஒடையும். ஸ்ப்ரே அடிச்சு, இடம் வலம்னு மெதுவா திருப்பி திருப்பி எடுக்கணும்.

8. ஹோஸ் மாத்தறவங்களுக்கு மட்டும்

பைப் நட்ட ஓபன் எண்ட் ஸ்பானர் போட்டா மூல மழுங்கிரும், பைப்புக்குன்னு வர்ற ஃப்ளேர் நட் ஸ்பானர் வாங்குங்க. ஹோஸ காலிப்பர்ல மாட்டற பேஞ்சோ போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் புது காப்பர் வாஷர்.

பழைய ஹோஸ கழட்டறதுக்கு முன்னாடி ஒரு குச்சிய சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல முட்டு குடுத்து பெடல ஒரு ரெண்டு இஞ்ச் அமுத்தி நிறுத்திருங்க. மாஸ்டர் சிலிண்டர்ல டப்பால இருந்து ஆயில் வர்ற வழி அடைபட்டுரும், ஆயில் ஒழுகாது, டப்பா காயாது. பிரேக் லைட் எரிஞ்சுக்கினே இருக்கும், பேட்டரி வயர கழட்டிட்டு செய்யுங்க. புது ஹோஸ் மாட்டினதும் குச்சிய எடுக்க மறக்காதீங்க.

9. கையால ஏர் எடுக்கறது

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வேல. பெடல மெதுவா சின்ன சின்னதா அமுத்தி பேட்ட டிஸ்க்கோட சேத்து வைங்க. பின்னாடி டிரம்னா லைனர (டிரம்முக்குள்ள பேட் மாதிரி உரசற பாகம்) அட்ஜஸ்ட் பண்ணுங்க. லைனர் தள்ளி நின்னா பெடல் கீழ போகும், அத காத்துன்னு நெனச்சு ஒரு லிட்டர் ஆயில வீணாக்கினவங்க ஏராளம். சந்தேகம் வந்தா ஹேண்ட்பிரேக்க நல்லா இழுத்துட்டு பெடல அமுத்தி பாருங்க, பெடல் மேல வந்துச்சுன்னா பிரச்சன லைனர்ல, காத்துல இல்ல.

இன்ஜின் ஆஃப், சாவி ஆஃப். வரிசை உங்க கார் மேனுவல்ல என்ன இருக்கோ அதுதான். கிடைக்கலன்னா, மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து தூரமா இருக்கறதுல ஆரம்பிங்க. நம்ம ஊர் கார்ல சிலிண்டர் வலது பக்கம் இருக்கறதால பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சில கார்ல பைப் குறுக்கால போகும், அதுல வரிசை மாறும், அதனாலதான் மேனுவல்னு சொல்றேன்.

பெடலுக்கு அடில ஒரு மரக்கட்டை வைங்க. தினம் ஓட்டறப்ப பெடல் பாதி தூரம்தான் போகுது, மாஸ்டர் சிலிண்டரோட கடைசி பகுதில வருஷக்கணக்கா துருவும் அழுக்கும் படிஞ்சிருக்கும். முழுசா மிதிச்சா உள்ள இருக்கற ரப்பர் அந்த மேட்டுல போய் கிழியும். நல்லா இருந்த பிரேக் ஏர் எடுத்தப்பறம் போச்சுன்னு சொல்றவங்க கதை பாதி இதுதான்.

ட்யூப்ப நிப்பிள்ல இருந்து மேல ஏறி அப்பறம் பாட்டில்ல இறங்கற மாதிரி வைங்க, குமிழி மேலதான் போகும், திரும்பி உள்ள வராது.

இப்ப பேச்சு. நான் கீழ, எங்க மாப்ள சீட்ல. நாங்க மூணே வார்த்தைதான் வச்சிருக்கோம், அதையும் ரெண்டு பேரும் திருப்பி சொல்லணும்.

"அமுத்து மாப்ள."

"அமுத்திட்டேன் மச்சான், புடிச்சிருக்கேன்."

இப்ப நான் நிப்பிள கால் சுத்து தெறப்பேன். ஆயில் பாயும், பெடல் கட்டை வரைக்கும் இறங்கும்.

"எறங்கிடுச்சு, புடிச்சிருக்கேன்."

நிப்பிள மூடறேன். மூடினப்பறம்தான்:

"உடு."

"உட்டுட்டேன்."

நிப்பிள் தெறந்திருக்கறப்ப பெடல் மேல வந்துச்சுன்னா காத்து உள்ள போகும், அதனாலதான் "மூடிட்டேன்"னு மனசுல சொல்லிட்டு "உடு"ன்னு சொல்றது. சீட்ல இருக்கறவங்க தானா விட்டா அந்த சக்கரத்த மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும், தயங்காம ஆரம்பிங்க. வேகவேகமா குத்தவும் கூடாது, வேகமா குத்தினா பெரிய குமிழி உடைஞ்சு சின்ன சின்னதா நொர மாதிரி ஆயி வெளிய வரவே வராது. ஒவ்வொரு அமுத்தலுக்கும் நடுவுல ரெண்டு மூணு செகண்ட் விடுங்க.

எட்டு தடவைக்கு ஒரு வாட்டி டப்பாவ பாருங்க. இத ஒரு ஆளுக்கு வேலையா கொடுங்க, பக்கத்து வீட்டு பையன் நின்னா கூட போதும். டப்பா காஞ்சா முதல் பகுதில சொன்ன மூணாவது வகைக்கு போயிருவீங்க.

மொதல்ல கருப்பா வரும், அப்பறம் தேன் கலர், அப்பறம் பாட்டில்ல இருக்கற புது ஆயில் கலர். கலரும் மாறி குமிழியும் நின்னப்பறம் அடுத்த சக்கரம். சின்ன கார்ல பின்னாடி ஒவ்வொண்ணுக்கும் 200 மில்லி, முன்னாடி 150 மில்லி கிட்ட ஆகும். பிடிச்ச ஆயில எக்காரணம் கொண்டும் திரும்ப ஊத்தாதீங்க. நிப்பிள் சின்னது, ஸ்பானர் நுனிய ரெண்டு விரல்ல புடிச்சு இறுக்கினா போதும், முழு கை பலத்த காட்டினா மரை போகும். ரப்பர் மூடிய மறக்காம போடுங்க, இல்லன்னா மண்ணு போய் அடுத்த தடவ தெறக்காது.

10. பெட்டிக்குள்ள மாட்டின காத்து

நாலு சக்கரமும் சுத்தமா வந்து, லைனரும் சரியா இருந்து, பெடல் இன்னும் பஞ்சு மாதிரி இருந்தா பெட்டிக்குள்ள காத்து இருக்கலாம். எட்டு வால்வுல நாலு சாதாரணமா தெறந்திருக்கும், நாலு மூடியிருக்கும். மூடியிருக்கற வால்வுக்கு பின்னாடி பம்ப்புக்கு போற வழில காத்து உக்காந்துட்டா நீங்க நாள் பூரா பெடல் அமுத்தினாலும் அது வெளிய வராது, ஏன்னா அந்த வழில ஆயிலே ஓடறது இல்ல. ஏபிஎஸ் வேல செய்யறப்ப மட்டும்தான் அந்த வால்வு தெறக்கும்.

அதனால வரிசை இது: மொதல்ல கையால ஏர் எடுங்க, அப்பறம் ஸ்கேனர்ல ஏபிஎஸ் ப்ளீடிங் மெனு, அப்பறம் திரும்பவும் நாலு சக்கரமும் கையால. கடைசி படிய விட்டுட்டு போறவங்க அதிகம். ஸ்கேனர் காத்த பெட்டில இருந்து பைப்புக்கு தள்ளி விடும் அவ்ளோதான், பைப்புல இருந்து நீங்கதான் வெளிய எடுக்கணும்.

ஸ்கேனர் ஓட்டறப்ப பேட்டரிக்கு சார்ஜர் போட்டு வைங்க, பம்ப் மோட்டார் நெறைய கரண்ட் இழுக்கும், பழைய பேட்டரின்னா நடுவுல நின்னுரும். ஸ்க்ரீன்ல பெடல அமுத்துன்னு வந்தா அமுத்தணும், விடுன்னா விடணும். பெடல் அதிரும், கீழ இறங்கும், மோட்டார் உறுமும், பயப்பட வேணாம். மோட்டார் சூடாகும், அடுத்தடுத்து ஓட்டாம நடுவுல கொஞ்சம் ஆற விடுங்க.

ஸ்கேனர் கிடைக்காம, பெடல் நல்லா இருந்தும் கொஞ்சம் சந்தேகம் மட்டும் இருந்தா ஒரு வழி இருக்குது. யாரும் இல்லாத லேஅவுட் மண் ரோட்ல 30 கிலோமீட்டர் வேகத்துல போய் பெடல ஒரே மிதியா மிதிச்சு ஏபிஎஸ்ஸ வேல செய்ய வைங்க, நாலஞ்சு தடவ. வீட்டுக்கு வந்து திரும்ப ஏர் எடுங்க. பெடல் கீழ போற கார இதுக்குன்னு ரோட்டுக்கு கொண்டு போகாதீங்க, அந்த காருக்கு ஸ்கேனர்தான், இல்லன்னா வண்டிய ஏத்திக்கினு போய் பாக்கணும்.

11. சக்கரம் மாட்டினப்பறம், நகத்தறதுக்கு முன்னாடி

வீல் நட்ட குறுக்கு குறுக்கா இறுக்குங்க, கடைசி இறுக்கு கார் தரைல உக்காந்தப்பறம். சின்ன கார்ங்க பெரும்பாலும் 85-ல இருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும், உங்க கார் அளவ பாத்து டார்க் ரெஞ்ச்ல வைங்க.

இன்ஜின் ஆஃப்ல பெடல அஞ்சாறு தடவ அமுத்தி பூஸ்டர்ல இருக்கற வேக்குவம காலி பண்ணுங்க. இப்ப நல்லா அழுத்தி ஒரு நிமிஷம் புடிங்க. பெடல் அசையக்கூடாது. மெதுவா இறங்கிக்கினே போனா எங்கயோ ஒழுகுது, இல்லன்னா மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போச்சு. ஒரு டார்ச் எடுத்துக்கினு நாலு நிப்பிளும், பேஞ்சோ போல்ட்டும், டயர் உள்பக்கமும் பாருங்க.

அப்படியே புடிச்சிக்கினு இன்ஜின ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் கொஞ்சம் கீழ போய் நிக்கும். அது பூஸ்டர் வேல செய்யற அடையாளம், இத பாத்து பயந்து திரும்ப ஏர் எடுக்க உக்காந்தவங்க உண்டு.

12. ரோட்ல

மொதல்ல வாசல்லயே நடை வேகத்துல நாலு தடவ. அப்பறம் தெருவுல. மெயின் ரோட்டுக்கு ஒடனே போகாதீங்க. புது பேட் டிஸ்க்கோட சேர்றதுக்கு, விடிகாலைல ரோடு காலியா இருக்கறப்ப 50 கிலோமீட்டர்ல இருந்து 10 வரைக்கும் மிதமா அமுத்தி குறைங்க, முழுசா நிறுத்தாதீங்க, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அரை நிமிஷம் காத்து பட ஓட்டுங்க. ஒரு பத்து தடவ. சூடான டிஸ்க்ல பெடல அமுத்திக்கினே சிக்னல்ல நின்னா பேட் படிவு ஒரே எடத்துல ஒட்டி, அப்பறம் எப்பவும் அதிரும். முதல் 200 கிலோமீட்டருக்கு ஏலகிரியும் ஜவ்வாது மலையும் வேணாம்.

மஞ்சள் லைட் இப்ப எரிஞ்சா மொதல்ல சென்சார் பிளக்க பாருங்க. பத்துக்கு ஏழெட்டு தடவ அதுதான், மாட்ட மறந்திருக்கும், இல்ல சரியா உக்காந்திருக்காது.

13. மீந்து போனது

பழைய ஆயில சாக்கடைலயோ பாலாத்து பக்கமோ ஊத்தாதீங்க. விஷம் அது. மூடி இருக்கற பழைய ஆயில் கேன்ல ஊத்தி மேல எழுதி, வேஸ்ட் ஆயில் வாங்கற ஆள்கிட்ட கொடுங்க. தண்ணி பாட்டில்ல மட்டும் ஊத்தி வைக்கவே வைக்காதீங்க, தேன் கலர்ல இருக்கும், வீட்ல கொழந்தைங்க இருக்கும்.

நூறு கிலோமீட்டர் ஓட்டினப்பறம் வீல் நட்ட ஒரு தடவ டார்க் ரெஞ்ச்ல பாருங்க, நிப்பிள் நாலையும் விரலால தடவி ஈரமான்னு பாருங்க, டப்பா அளவையும் பாருங்க. எல்லாம் சரின்னா ஒரு துண்டு பேப்பர் டேப்ல எந்த ஆயில், எந்த மாசம், எந்த வருஷம், எத்தன கிலோமீட்டர்னு எழுதி டப்பாவுக்கு பக்கத்துல ஒட்டிருங்க. என் கார்ல இப்ப மூணு டேப் வரிசையா இருக்குது.